அப்பாவோட நாட் விமானம்: எல்லாரும் என்கிட்ட கேட்கிற கேள்விகள்

எங்க வீட்டு ஹால்ல அப்பா போட்டோவுக்குக் கீழ ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி இருக்கு. அதுக்குள்ள உள்ளங்கையில அடங்குற மாதிரி ஒரு வெள்ளிநிற போர் விமானம், இறக்கைக்குப் பக்கத்துல ஒரு குட்டி ஆள் கையைத் தூக்கிட்டு நிப்பார். அப்பா 2019ல தவறினார், அதுக்கு அப்புறம் ரெண்டு வருஷம் கழிச்சு நான் செஞ்சது இது. வீட்டுக்கு வர்றவங்க அத பார்த்துட்டுக் கேள்வி கேட்காம போனதே இல்ல, அதுலயும் முக்கால்வாசி பேர் கடைசில "எங்க அப்பாவுக்கும் இப்படி ஒண்ணு செய்யணும், எப்படி ஆரம்பிக்கிறது"ன்னு வந்து நிப்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் போன்ல மணிக்கணக்கா சொல்லிட்டு இருந்தத இப்போ ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன்.

உங்க அப்பா பைலட்டா?

இல்ல. முதல்ல எல்லாரும் கேட்கிறது இதுதான். அப்பா ஏர்ஃபோர்ஸ்ல ஏர்ஃப்ரேம் ஃபிட்டர், அதாவது விமானத்தோட உடம்புப் பாகங்கள பராமரிக்கிற மெக்கானிக். திருநெல்வேலி பக்கத்து கிராமத்துல இருந்து 1964ல, 18 வயசுல போய் சேர்ந்து, 20 வருஷம் சர்வீஸ் முடிச்சு 84ல வெளிய வந்து, அந்தக் காலத்துல எக்ஸ் சர்வீஸ்மேன் நிறைய பேர் போன மாதிரி பேங்க்ல கிளார்க் வேலைக்குப் போனார், தாம்பரம் பக்கம் சேலையூர்ல வீடு கட்டினார். பேங்க்ல 22 வருஷம் இருந்தார், ஆனா அந்த வேலைய பத்தி அவர் பேசி நான் கேட்டதே கிடையாது. பேசினா விமானம்தான்.

அவர் ரொம்ப காலம் வேலை பார்த்தது ஃபோலண்ட் நாட். தெரியாதவங்களுக்கு சொல்றேன், நாட் இங்கிலாந்துல பெட்டர்னு ஒரு இன்ஜினியர் டிசைன் பண்ண ரொம்பச் சின்ன போர் விமானம், இறக்கை இந்த முனைல இருந்து அந்த முனை வரைக்கும் 6.73 மீட்டர்தான், ஒரு ஆம்னி பஸ் நீளம்கூட இல்ல. பெங்களூர்ல எச்ஏஎல் (ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) கம்பெனி லைசன்ஸ் வாங்கி கட்டினாங்க. 1965 சண்டைல பாகிஸ்தானோட சேபர் விமானங்கள அடிச்சதால "சேபர் ஸ்லேயர்"னு பேர் வந்துச்சு. 71ல ஸ்ரீநகர்ல தனியா மோதி உயிர விட்ட நிர்மல்ஜித் சிங் செக்கோன் ஓட்டினதும் நாட்தான், ஏர்ஃபோர்ஸ்ல பரம்வீர் சக்ரா வாங்கின ஒரே ஆள் இன்னைக்கு வரைக்கும் அவர்தான்.

1971 நவம்பர் 22, கிழக்கு பாகிஸ்தான் எல்லைல போய்ரா வான்சண்டை நடந்தப்போ அப்பா கல்கத்தா பக்கம் இருந்தார். டம்டம்ல இருந்து நாலு நாட் கிளம்பிப் போய் ரெண்டு சேபர கீழ தள்ளுச்சு, இன்னொண்ணு அடிபட்டுத் தப்பிப் போச்சு. புத்தகத்துல எல்லாம் பக்கம் பக்கமா எழுதியிருக்காங்க. அப்பாகிட்ட எத்தனை தடவை கேட்டாலும் ஒரே வரிதான், "நாலு போச்சு, நாலும் திரும்பி வந்துச்சு." எதிரிது எத்தனை விழுந்துச்சுன்னு அவர் வாயால நான் கேட்டதே இல்ல. போனது வந்துச்சா, அதுதான் ஃபிட்டர் கணக்கு. இந்த மாடல நான் செஞ்ச விதம் முழுக்க இந்த ஒரு வரில இருந்து வந்ததுதான், அதனாலதான் இத முதல்லயே சொல்றேன்.

அவர் உயிரோட இருக்கும்போதே செஞ்சு கொடுத்திருக்கலாமே?

செஞ்சிருக்கணும். இதுக்கு வேற பதில் என்கிட்ட இல்ல.

அவர் எனக்கு செஞ்சு கொடுத்தார். நான் மூணாவது படிக்கும்போது கல்யாண முருங்கைக் கட்டைல, அது ரொம்ப லேசான மரம், ஒரு பேனாக்கத்தியும் உப்புத்தாளும் மட்டும் வச்சு ஒரு நாட் செதுக்கிக் கொடுத்தார். இறக்கை பின்பக்கமா சாய்ஞ்சு, மேல குட்டியா கேனோப்பி (பைலட் தலைக்கு மேல வர்ற கண்ணாடி மூடி), எல்லாம் சரியா இருந்துச்சு. பரண்ல போட்டு வச்சிருந்தோம், நான் காலேஜ் முடிக்கிறதுக்குள்ள செல்லரிச்சுப் போச்சு. கடைசி மாசத்துல ஆஸ்பத்திரி ஜன்னல் வழியா சத்தம் கேட்டு "என்னது போகுது"ன்னு கேட்பார், நான் ஃபோன்ல பார்த்து "ஏர்பஸ்பா"ன்னு சொல்வேன். எனக்கு அப்போ தோணவே இல்ல, கடைக்குப் போய் ஒரு கிட், அதாவது ஒட்டிச் செய்ற பிளாஸ்டிக் பாகங்கள் இருக்கிற பெட்டி, வாங்கிட்டு வந்து அவர் பக்கத்துல உட்கார்ந்து ஒட்டியிருக்கலாம்னு. உங்க அப்பா இருக்கார்னா இந்தப் பக்கத்த இங்கயே நிறுத்திட்டு அவர்கிட்ட போய், எந்த விமானம் பிடிக்கும், ஏன்னு கேளுங்க, மீதிய அப்புறம் படிக்கலாம்.

எங்க அப்பா எந்த விமானத்துல வேலை பார்த்தார்னே தெரியல. எப்படி கண்டுபிடிக்கிறது?

ஏர்ஃபோர்ஸ்ல இருந்தவர்னா டிஸ்சார்ஜ் புக் தேடுங்க, பென்ஷன் பேப்பரோட சேர்த்து பீரோல எங்கயாவது இருக்கும். ட்ரேட், சேர்ந்த தேதி, வெளிய வந்த தேதி எல்லாம் இருக்கும். ஆவணம் தொலைஞ்சு போச்சுன்னா டெல்லி சுப்ரதோ பார்க்ல ஏர்ஃபோர்ஸ் ரெக்கார்ட் ஆபீஸ் இருக்கு, சர்வீஸ் நம்பர் தெரிஞ்சா எழுதிக் கேட்கலாம்.

ஆனா எனக்கு உண்மையா உதவினது பேப்பர் இல்ல, ஆளுங்க. அப்பாவோட சர்வீஸ் பண்ண ஒரு மாமா ரெண்டு தெரு தள்ளி இருந்தார். நான் அப்பாவோட பழைய போட்டோ ஒண்ண எடுத்துட்டு அவர்கிட்ட போனேன், 1968னு பின்னாடி பென்சில்ல எழுதியிருக்கும், அரை டவுசர் போட்டு ஒல்லியா அப்பா, பக்கத்துல பாதி நாட். மாமா கண்ணாடிய மாத்திப் போட்டுட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "உங்க அப்பன் நிக்கிற இடத்த பாரும்மா, இறக்கைக்குக் கீழ, வீல் கதவு பக்கத்துல. அதுதான் அவன் இடம்"னு சொன்னார். நான் அந்தப் போட்டோவ நாப்பது வருஷமா பார்க்கிறேன், அது எனக்குத் தெரியல.

வயசானவங்ககிட்ட போகும்போது "விமானத்த பத்தி சொல்லுங்க"ன்னு கேட்காதீங்க, பொதுவா ரெண்டு வார்த்தைல முடிச்சிடுவாங்க. கையில என்ன டூல் இருக்கும், காலைல எத்தனை மணிக்கு ஹேங்கர் திறப்பாங்க, மழை பெஞ்சா என்ன பண்ணுவீங்க, எந்த பேனல் கழட்ட கஷ்டம், இப்படி கேளுங்க. கொட்டுவாங்க. போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கோங்க, அந்த மாமாவும் இப்போ இல்ல.

சிவில்ல இருந்தவங்களுக்கும் இதேதான். மீனம்பாக்கத்துல இந்தியன் ஏர்லைன்ஸ்ல வேலை பார்த்தவர்னா வருஷத்த வச்சே ஓரளவு சொல்லிடலாம், வைக்கவுண்ட், ஃபோக்கர், ஆவ்ரோ, கேரவெல், அப்புறம் 76ல இருந்து ஏர்பஸ் ஏ300. வேலையே பார்க்கல, சும்மா பரங்கிமலை மேல ஏறி நின்னு விமானம் இறங்குறத பார்த்துட்டு இருப்பார், அவ்ளோதான்னு ஒருத்தர் கொஞ்சம் தயக்கமா சொன்னார். அதுல என்ன தயக்கம், அப்படி நின்ன காலத்துல என்ன விமானம் வந்துச்சோ அதான் அவர் விமானம்.

ஸ்கேல்னு சொல்றாங்களே, 1/72, 1/48, அது என்ன?

நிஜ விமானத்த எத்தனைல ஒரு பங்கா சுருக்கியிருக்காங்கன்னு அர்த்தம். நாட் இறக்கை 673 செ.மீ., அத 72ஆல வகுத்தா 9.3 செ.மீ. 1/48ல செஞ்சா 14 செ.மீ. வரும். டகோட்டா (பழைய போக்குவரத்து விமானம்) மாதிரி பெரிய விமானம்னா யோசிக்கணும், அதோட இறக்கை 29 மீட்டர், 1/72ல செஞ்சாலே 40 செ.மீ. ஆயிடும், நம்ம வீட்டு ஷெல்ஃப்ல உட்காராது, அதுக்கு 1/144 போங்க, 20 செ.மீ.தான். முதல்ல அத எங்க வைக்கப் போறீங்கன்னு டேப் வச்சு அளந்துட்டு அப்புறம் ஸ்கேல முடிவு பண்ணுங்க.

எந்த கிட் வாங்குறது?

பெட்டி மேல இருக்கிற பேர மட்டும் பார்த்து வாங்காதீங்க. நான் முதல்ல வாங்கினது ஏர்ஃபிக்ஸ் கம்பெனி நாட், 1/72. நல்ல கிட்தான், குறை சொல்ல முடியாது. ஆனா அது ரெண்டு பேர் உட்கார்ற ட்ரெய்னர், பிரிட்டிஷ் ரெட் ஏரோஸ் டீம் சிவப்பு கலர்ல ஓட்டினது. அப்பா கை வச்சது ஒத்தை சீட் ஃபைட்டர். ரெண்டுக்கும் இறக்கையே வேற, மூக்கே வேற. பாதி ஒட்டின பிறகு போட்டோவ பக்கத்துல வச்சுப் பார்த்தப்போதான் எனக்குப் புரிஞ்சுது, அன்னைக்கு ராத்திரி அழுதேன், ஒரு பிளாஸ்டிக்குக்காக அழுறோமான்னு தோணல, அப்பாவ தப்பா ஞாபகம் வச்சிருக்கோமேன்னுதான் இருந்துச்சு. ஒத்தை சீட் நாட்டும், எச்ஏஎல் அதுல இருந்து பண்ண அஜீத்தும் ஸ்பெஷல் ஹாபின்னு ஒரு செக் நாட்டு கம்பெனி 1/72ல போட்டிருக்காங்க. நான் அப்புறம் அததான் வாங்கினேன்.

ஒண்ணு சொல்லணும், இந்த மாதிரி கம்மி எண்ணிக்கைல வர்ற கிட்ல ரெண்டு பாதிய சேர்க்கிற குட்டி முளை இருக்காது, ஓரம் எல்லாம் உரசி உரசித்தான் பொருந்தும். டாமியா, ஏர்ஃபிக்ஸ் புது கிட் மாதிரி டக்குனு உட்காராது. மிக்-21னா உங்களுக்குக் கவலையே இல்ல, நிறைய கம்பெனி போடுறாங்க, 63ல வந்து 2025 செப்டம்பர்ல ரிட்டயர் ஆன வரைக்கும் நம்ம ஏர்ஃபோர்ஸ்ல அது இருந்ததால அப்பா, பையன் ரெண்டு தலைமுறையும் அதுல வேலை பார்த்த குடும்பம்கூட இருக்கு.

முதல் மாடலே அப்பாவோட விமானமா செய்யலாமா?

வேண்டாம். ஆசை புரியுது, ஆனா வேண்டாம். முதல் மாடல்ல பசை வழியும், கேனோப்பில கைரேகை விழும், வால் கோணும். அது அப்பா விமானமா இருந்தா மனசு ஒடிஞ்சு போயிடும். விலை கம்மியான வேற ஏதாவது ரெண்டு செஞ்சு கை பழகின பிறகு அத எடுங்க. எனக்கு அந்தத் தப்பான ஏர்ஃபிக்ஸ் நாட்டே பழகுற மாடலா ஆயிடுச்சு, இப்போ அது என் பையன் ரூம்ல சிவப்பு கலர்ல இருக்கு.

அப்புறம், முன்சக்கரம் இருக்கிற விமானம்னா மூடுறதுக்கு முன்னாடி மூக்குக்குள்ள வெயிட் வைக்கணும், தூண்டில்ல கட்டுற ஈயக்குண்டு போதும். வைக்காம மூடிட்டா வால் தரைல உட்கார்ந்துக்கும், அப்புறம் பிரிக்கவே முடியாது.

என்னென்ன சாமான் வேணும்?

நிறைய வாங்கத் தோணும், வாங்காதீங்க. ஒரு நல்ல கட்டர், பிளேடு கத்தி, 400, 600, 1000 நம்பர் வாட்டர் பேப்பர், பிளாஸ்டிக் கிட்டுக்குன்னே இருக்கிற தண்ணி மாதிரி சிமெண்ட், மாஸ்கிங் டேப், ரெண்டு பிரஷ், துணி காயப்போடுற கிளிப். ஃபெவிக்விக்க கேனோப்பி பக்கமே கொண்டு போகாதீங்க, அதோட ஆவி பட்டா கண்ணாடி பூத்த மாதிரி வெள்ளையாயிடும். கேனோப்பிக்கு சாதாரண ஃபெவிகால் போதும், காய்ஞ்சா தெளிவாயிடும்.

பெயிண்ட் எனக்கு திட்டுத்திட்டா வருது. நீங்க எப்படி அடிச்சீங்க?

சென்னைல இது பெரிய விஷயம். காத்துல ஈரம் ஜாஸ்தி இருக்கிற நாள்ல, மழைக்காலத்துல, ஸ்ப்ரே லாக்கர் அடிச்சா பால் ஊத்தின மாதிரி வெளுத்துப் போகும். மே மாசம் மத்தியானம் அடிச்சா பெயிண்ட் போய் சேர்றதுக்குள்ள காத்துலயே காய்ஞ்சு சொரசொரன்னு ஆயிடும். தை, மாசில காலைல ஒரு பத்து பதினொரு மணிக்கு மொட்டை மாடில, காத்து அடிக்காத மூலைல, மாஸ்க் போட்டுக்கிட்டு அடிச்சேன், அதான் எனக்கு சரியா வந்துச்சு. மெலிசா மூணு கோட், நடுவுல நல்லா காய விடணும், அவசரப்பட்டு ஒரே கோட்ல முடிக்கப் பார்த்தா வழிஞ்சிடும்.

வெள்ளி நிறம் இருக்கே, அது பொய் சொல்லாது. கீழ ஒரு தூசி, ஒரு கீறல் இருந்தாலும் காட்டிக் கொடுத்துடும். அதனால கறுப்பு கிளாஸ் பெயிண்ட முதல்ல அடிச்சு, அத கண்ணாடி மாதிரி தேய்ச்சு எடுத்துட்டு அப்புறம்தான் வெள்ளி.

நிறத்த பத்தி ஒரு விஷயம். 65ல நாட் எல்லாம் வெள்ளியா இருந்துச்சு, 71 சண்டை சமயத்துல நிறைய விமானத்துக்கு கேமஃப்ளாஜ் (எதிரி கண்ணுக்குத் தெரியாம மறைக்கிற கலர்) அடிச்சாங்க. ஒரே விமானம் வருஷத்துக்கு ஒரு தோற்றத்துல இருந்திருக்கும். நான் எந்த வருஷம்னு தேர்ந்தெடுக்கணும், சண்டை நடந்த 71ஆ, போட்டோல இருக்கிற 68ஆன்னு ரொம்ப யோசிச்சேன். போட்டோவே ஜெயிச்சுது, ஏன்னா அதுல அப்பா இருக்கார்.

இதுல நான் ரொம்ப நேரம் செலவு பண்ணது விமானத்தோட வயித்துப்பக்கம். மாடல் செய்றவங்க நிறைய பேர் கீழ்ப்பக்கத்த ஏனோதானோன்னு விடுவாங்க, ஷெல்ஃப்ல வச்சா தெரியாதுல்ல. ஆனா அப்பா அந்த விமானத்த பார்த்தது கீழ இருந்துதான். நாட் ரொம்பத் தாழ்வா நிக்கும், ஏணியே இல்லாம தரைல நின்னே பாதி வேலைய பார்த்துடலாம்னு அப்பா சொல்வார், குனிஞ்சு குனிஞ்சுதான் அவருக்கு முதுகுவலி வந்துச்சு. நாட் விமானத்துல வீல் கதவுதான் ஏர்பிரேக்கும், சக்கரத்த பாதி இறக்கினா அந்தக் கதவே காத்த தடுத்து வேகத்த குறைக்கும், அதனால அந்த இடத்துல ஹைட்ராலிக் வேலை ஓயாது. மாமா சொன்னத வச்சு கதவு ஓரத்துல லேசா சிவப்பு ஆயில் கசிஞ்ச தடம், அடிக்கடி கழட்டுற பேனல் சுத்தி ஸ்க்ரூ டிரைவர் வழுக்கின கீறல், எல்லாம் ஆயில் பெயிண்ட்ட கரைச்சு ஊசி மாதிரி பிரஷ்ல போட்டேன். பெட்டிக்கு அடில ஒரு கண்ணாடி பதிச்சிருக்கேன், குனிஞ்சு பார்த்தா வயித்துப்பக்கம் தெரியும். எட்டிப் பார்க்கிறவங்க தானா குனிவாங்க, அப்பா மாதிரி.

டீக்கல் ஒட்டினா சுத்தி வெள்ளையா தெரியுதே?

கரடுமுரடான பெயிண்ட் மேல ஒட்டினா அடில காத்து மாட்டிக்கும், அதான் வெள்ளையா மினுங்குது. முதல்ல ஒரு கிளாஸ் கோட், அப்புறம் டீக்கல் (தண்ணில நனைச்சு ஒட்டுற ஸ்டிக்கர்), அப்புறம் மேல இன்னொரு கோட். வெதுவெதுப்பான தண்ணில ஒரு அரை நிமிஷம், அவ்ளோதான், ஊறவச்சு மறந்துடாதீங்க. நம்ம ஏர்ஃபோர்ஸ் வட்டம் வெளிய காவி, நடுவுல வெள்ளை, உள்ள பச்சை, வேற நாட்டு விமானக் கிட் வாங்கினா இதுக்குத் தனியா டீக்கல் ஷீட் வாங்க வேண்டியிருக்கும்.

அந்தக் குட்டி ஆள் யாரு? கையில என்ன வச்சிருக்கார்?

அப்பா.

விமானம் கிளம்புறதுக்கு முன்னாடி, தரைல நிக்கும்போது பாதுகாப்புக்குப் போட்டிருக்கிற பின் எல்லாத்தையும் கிரவுண்ட் க்ரூ உருவி எடுத்து, கையைத் தூக்கி பைலட்டுக்குக் காட்டணும். சிவப்பு நாடா தொங்கும் அதுல. பைலட் அத பார்த்து தலையாட்டின பிறகுதான் விமானம் நகரும். அப்பா பேங்க்கு கிளம்பும்போதும், நாங்க ஊருக்குக் கிளம்பும்போதும் வீட்டுச் சாவிய இப்படித்தான் தூக்கிக் காட்டுவார், அம்மா தலையாட்டினாதான் கதவ பூட்டுவார். சின்ன வயசுல அது எதுக்குன்னே எங்களுக்குத் தெரியாது.

1/72ல ஒரு ஆள் 2.4 செ.மீ. தான் இருப்பார். பிரிட்டிஷ் ஏர்ஃபோர்ஸ் ஆட்கள் செட்டுன்னு கடைல கிடைக்கும், அதுல ஒருத்தர எடுத்து, கைய வெட்டி மேல தூக்கின மாதிரி ஒட்டி, பேண்ட்ட பட்டி (புட்டி) பூசி அரை டவுசரா மாத்தி, தலைமுடிய அப்பா மாதிரி மேல வாரி விட்டேன். முகம் வரைய முடியல, அந்த அளவுல முடியாது, ஆனா நிக்கிற தோரணைல அம்மாவுக்குத் தெரிஞ்சுது. சிவப்பு நாடா, அப்பாவோட கடைசித் துண்டுல கரை சிவப்பு, அதுல இருந்து உருவின ஒரு இழை.

அப்பாவோட பொருள் எதையாவது மாடல்ல சேர்க்கலாமான்னு கேட்கிறவங்களுக்கும் இதான் பதில், சேருங்க, ஆனா சின்னதா சேருங்க. மெடல், பேட்ஜ் எல்லாம் பெட்டிக்குள்ள அடைச்சா விமானம் காணாமப் போயிடும்.

பறக்குற மாடல் செய்யக்கூடாதா?

தாராளமா. எங்க அப்பா என் பையனுக்குக் காட்டினது சாதாரண தெர்மோகோல் கிளைடர்தான். பால்சா மரம் கிடைச்சா அதுல செய்யுங்க, ரொம்ப லேசு. ரகசியம் எல்லாம் வெயிட் எங்க நிக்குதுங்கிறதுலதான் இருக்கு. இறக்கையோட முன் ஓரத்துல இருந்து அகலத்துல கால் பங்குக்கும் மூணுல ஒரு பங்குக்கும் நடுவுல ரெண்டு விரல வச்சுத் தூக்கினா விமானம் நேரா நிக்கணும். வால் கனமா இருந்தா மூக்க தூக்கி, நின்னு, பொத்துனு விழும். மூக்குல கொஞ்சம் களிமண் அப்புங்க, திரும்ப வீசுங்க, இன்னும் கொஞ்சம் அப்புங்க. "மூக்கு கனமா இருந்தா சரியா பறக்காது, வால் கனமா இருந்தா ஒரு தடவைதான் பறக்கும்"னு அப்பா பையன்கிட்ட சொல்லிட்டே இருப்பார்.

கையால வீசுறதுக்கு எந்தத் தொந்தரவும் இல்ல. ரிமோட்ல பறக்க விடுறதுன்னா 2021 ட்ரோன் விதிகள் அதுக்கும் பொருந்தும், அரசோட டிஜிட்டல் ஸ்கை மேப்ல உங்க இடம் பச்சையா இருக்கான்னு பார்த்துட்டு, 400 அடிக்குக் கீழ விடுங்க. தாம்பரம், மீனம்பாக்கம் சுத்தி இருக்கிறவங்க நினைச்சே பார்க்காதீங்க. நாங்க ஊருக்குப் போகும்போது, குளம் வத்தின பிறகு அந்தத் தரைல போய் விடுவோம், கண்ணுக்கெட்டுற தூரம் ஆள் இருக்காது.

நிஜ நாட் விமானத்த, இல்ல அந்தக் காலத்து மத்த விமானத்த எங்க பார்க்கலாம்?

டெல்லி பாலம் ஏர்ஃபோர்ஸ் மியூசியத்துல இருக்கு. நமக்குப் பக்கம்னா பெங்களூர் எச்ஏஎல் மியூசியம், 2001ல திறந்தது, அங்க எச்டி-2, கிரண், மாருத் எல்லாம் வெளிய நிக்கும். மாருத் ஜெர்மன்காரர் கர்ட் டேங்க் தலைமைல இங்கயே டிசைன் பண்ணது, 61 ஜூன்ல முதல்ல பறந்துச்சு, அதுக்கு சரியான என்ஜின் கடைசி வரைக்கும் கிடைக்கல, நாட் விமானத்துல இருந்த ஆர்ஃபியஸ் குடும்ப என்ஜினையே ரெண்டு போட்டு ஓட்டினாங்க. கிரண் மார்க் 2லயும் ஆர்ஃபியஸ்தான். ஒரு தடவை ஏர்ஃபோர்ஸோட சாகச டீம் சூரிய கிரண் தாம்பரம் மேல பறந்தப்போ, அப்போ அவங்க கிரண் மார்க் 2 வச்சிருந்தாங்க, அப்பா சாப்பாட்டுல கைய வச்சவர் அப்படியே எந்திரிச்சு மாடிக்கு ஓடினார். "இது ஆர்ஃபியஸு, கேட்டியா, இது எங்க சத்தம்ட்டி"ன்னார், கையெல்லாம் ரசம்.

அப்பாவுக்காக இப்படி பண்ணவங்க வேற யாராவது இருக்காங்களா?

பெரிய அளவுல ஒண்ணு இருக்கு. எம்.பி.யா இருந்த ராஜீவ் சந்திரசேகரோட அப்பா ஏர் கமடோர் எம்.கே. சந்திரசேகர், டகோட்டா பைலட். பையன் அயர்லாந்துல ஸ்கிராப்புக்குப் போக இருந்த ஒரு டகோட்டாவ வாங்கி, இங்கிலாந்துல சரி பண்ணி, அப்பா பேரச் சொல்லி ஏர்ஃபோர்ஸுக்குக் கொடுத்தார், 2018ல அது இங்கிலாந்துல இருந்து பறந்தே வந்துச்சு. பரசுராமான்னு பேர். 1947 அக்டோபர் 27ல ஸ்ரீநகருக்குப் படை இறக்கின டகோட்டாவோட நம்பர், விபி 905, அததான் இதுக்கும் போட்டிருக்காங்க. அந்தச் செய்திய அப்பா பேப்பர்ல கத்திரிச்சு வச்சிருந்தார். அவர் போன பிறகு டைரிக்குள்ள பார்த்தேன், ஓரத்துல பென்சில்ல "நல்ல பையன்"னு எழுதியிருந்தார். அத படிச்ச மறுவாரம்தான் நான் கிட் வாங்கினேன்.

எவ்வளவு செலவாச்சு, எத்தனை நாள்?

கிட், டூல், பெயிண்ட், டீக்கல் எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய்க்குள்ள, கண்ணாடிப் பெட்டி தனி. ஞாயித்துக்கிழமைல மட்டும் உட்கார்ந்து எட்டு மாசம். பெரும்பாலும் காயுறதுக்குக் காத்திருக்கிற நேரம்தான்.

பொம்பளைப் புள்ள இதெல்லாம் செய்வாளான்னு யாரும் கேட்கலையா?

கேட்டாங்க. அப்பா எனக்கு ஸ்பேனர் நம்பர் சொல்லிக் கொடுத்தது ஏழு வயசுல, சைக்கிள் பிரேக் கட்ட என்னதான் கூப்பிடுவார், தம்பிய இல்ல. வேற என்ன சொல்ல.

திதி அன்னைக்குப் படையல்ல வைக்கலாமா?

எங்க அம்மாகிட்ட நான் இத கேட்கவே தயங்கினேன். முதல் வருஷம் அவங்களே இலை போடும்போது, வேட்டி துண்டு வச்சு, அவருக்குப் பிடிச்ச உளுந்தங்களி வச்சு, அப்புறம் என்ன பார்த்து "அத எடுத்துட்டு வா"ன்னாங்க. பெட்டியோட வச்சோம். சூடம் காட்டும்போது வெள்ளில வெளிச்சம் பட்டு வயித்துப்பக்கம் கீழ கண்ணாடில தெரிஞ்சுது. உங்க வீட்டுப் பழக்கம் எப்படியோ பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, எனக்குத் தெரிஞ்சு யாரும் வேண்டாம்னு சொன்னதில்ல.

உடைஞ்சு போயிட்டா?

உடைஞ்சிருக்கு. போன வருஷம் வீட்டுக்கு வெள்ளை அடிக்கும்போது பெட்டிய நகர்த்தி, இடது பக்க வீல் கால் முறிஞ்சு போச்சு, அந்தக் குட்டி ஆளும் சாஞ்சுட்டார். நான் ஆபீஸ்ல இருந்தேன், பையன்தான் போன் பண்ணான், பயந்து போய், "அம்மா, தாத்தா விமானம்"னு. வந்து பார்த்தா அவனே மேஜைல பேப்பர் விரிச்சு, உடைஞ்ச துண்டு எல்லாத்தையும் வரிசையா வச்சு, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல நம்பர் எழுதி வச்சிருந்தான். யாரு சொல்லிக் கொடுத்தான்னு கேட்டேன், தாத்தா மிக்ஸி ரிப்பேர் பண்ணும்போது இப்படித்தான் வைப்பாராம். ஒரு மெல்லிசான பித்தளைக் கம்பிய உள்ள விட்டு காலை ஒட்டினோம், ரெண்டு நாள் காய விட்டோம். கண்ணாடிய திரும்ப மாட்டும்போது உள்ள ஏதும் விட்டுப் போச்சான்னு நான் பார்த்துட்டு இருந்தேன், அவன் சிமெண்ட் பாட்டில், ட்வீசர், கத்தி மூணையும் ஒரு கையில தூக்கிக் காட்டினான். நான் தலையாட்டினேன், அப்புறம்தான் மூடினான்.